பாட்டு இல்லாத வேன்

ஓடுகிற வண்டியை நிறுத்தச் சொல்கிறவரிடம் வேலை பார்ப்பது லேசு இல்லை. நான் பார்த்தேன்.

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் அது. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பெண்களை ஏற்றி, ஏழாயிரம்பண்ணைக்கு முன்னால் இருக்கிற கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஓட்டுகிறவன் நான். வண்டி எங்கள் ஊர் அக்கா ஒருத்தருடையது. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் தினமும் எனக்குப் பக்கத்து சீட்டில் இருப்பார்.

சும்மா இருந்தால் பரவாயில்லை. கேட்டுக்கொண்டே இருப்பார். என்ஜின் சத்தம், கியர் சத்தம், பின்சக்கரத்துச் சத்தம். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பல் வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். அதனால் எங்கள் வேனில் பாட்டுப் போடக் கூடாது. மற்ற வேன்களெல்லாம் காலையில் பாட்டோடுதான் போகும். ஒரு வண்டி கடந்து போனால் அடுத்த வளைவு வரை அதன் பாட்டு கேட்கும். எங்கள் வண்டியில் ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டைதான். வாங்கின வாரமே கழற்றிவிட்டார்.

பேச்சியம்மா மதினிக்கு அதுதான் பெரிய குறை. ஊர்முறைக்கு எனக்கு மதினி. முதல் சீட்டில் உட்காருவார். வாய் நிற்காது.

"துட்டி வீட்டுக்குப் போற வண்டி கூட இப்படி இருக்காது கொழுந்தனாரே" என்பார். "அங்கனயாச்சும் ஒருத்தி அழுவா."

அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் மதினியும் தூங்கிவிடுவார். எல்லாரும் கோழி கூப்பிடுமுன் எழுந்து சோறு பொங்கிவிட்டு வருகிறவர்கள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாய் திறந்து தூங்குவார்கள். முழித்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பேசினால் அக்கா கையைக் காட்டுவார், சும்மா இரு என்று.

வண்டி கம்பெனி வாசலுக்கு வெளியே நிற்கும். பெண்கள் இறங்கி உள்ளே போவார்கள். அக்கா இறங்கி நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளே பேரிங் கெட்டால் சக்கரத்தின் நடுப்பகுதி சுடும். அது எல்லா டிரைவருக்கும் தெரியும். தினமும் யார் தொட்டுப் பார்ப்பார்கள்? வாட்ச்மேன் கேட்பார், "என்னக்கா, வண்டிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" அக்கா அதற்கும் பதில் சொல்வார், இல்லை, வலது பின்சக்கரத்தில் நேற்றைவிடச் சூடு கொஞ்சம் கூட இருக்கிறது என்று. கேலி செய்கிறவனிடம் விவரம் சொல்கிற ஆளை என்ன செய்ய?

காலையிலும் ஒரு வேலை உண்டு. வண்டி நிற்கிற இடத்தில் அடியில் தாள் விரித்திருப்பார். சிவகாசி அச்சாபீசில் கலர் சரியாக விழாமல் கழித்துப் போடுகிற லேபிள் தாள். புஸ்வாணம், சங்குசக்கரம், சிரிக்கிற குழந்தை எல்லாம் இருக்கும். விடிந்ததும் குனிந்து அதை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய் எங்கே சொட்டியிருக்கிறது, என்ன நிறம், நேற்றுச் சொட்டின இடமா, புதுசா. விரலில் தொட்டு முகர்ந்தும் பார்ப்பார். ஒருநாள் அந்தக் குழந்தையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. ஒரே ஒரு சொட்டு. அதற்காக அன்று சாயங்காலம் ஆளை இறக்கிவிட்டு சாத்தூருக்குப் போனோம். மெக்கானிக் ஒரு நட்டை இறுக்கினார். அவ்வளவுதான். போக வர டீசல் யார் கணக்கு?

மெக்கானிக்குக்கு அக்காவைக் கண்டால் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வரும். கெட்டதை மாற்றச் சொல்லி வருகிற ஆள்களைப் பார்த்தவர் அவர். அக்கா நல்லதை மாற்றச் சொல்லி வருவார். ஃபேன் பெல்ட் தைப்பொங்கலுக்கு ஒரு தரம். ரேடியேட்டர் குழாய் வெயில் தொடங்குமுன் ஒரு தரம். பிரேக் லைனிங் பாதி தேய்ந்ததும் போய்விடும். டயரில் வரி நன்றாகத் தெரியும்போதே கழற்றிவிடுவார். "இன்னும் ஒரு வருசம் ஓடும்க்கா" என்று மெக்கானிக் சொல்வார். "ஒரு வருசம் ஓடுறத இன்னைக்கே கழட்டினா, அது என்னைக்கி நிக்கும்னு நான் நெனைக்க வேண்டாம்ல" என்பார் அக்கா. அப்புறம் விலைக்குச் சண்டை போடுவார். அதிலும் நல்ல கம்பெனி சாமான்தான் வேண்டும். மலிவாக எடுத்தால் கடைக்காரன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கழற்றின சாமானை என்ன செய்வார் என்பது அதைவிடக் கொடுமை.

எங்கள் ஊரில் அய்யனார் என்று ஒருத்தன் வேன் ஓட்டினான். அவனும் பக்கத்து ஊரிலிருந்து அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிறவன்தான். அவன் கொள்கை, நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பது. கதவைக் கயிறு கட்டி ஓட்டுவான். சைலன்சரைக் கம்பி கட்டி ஓட்டுவான். அக்கா கழற்றின பெல்ட் அவனுக்குப் புதுசு மாதிரி. ஒரு தரம் வீட்டுக்கே வந்து கேட்டான். அக்கா அந்த பெல்ட்டை எடுத்தார். கொடுக்கப் போகிறார் என்று அவன் கையை நீட்டினான். அக்கா அரிவாளை எடுத்து, படியில் வைத்து, இரண்டாக வெட்டிப் போட்டார்.

அய்யனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல பெல்ட்ட வெட்டுறீகளேக்கா."

"நல்லதுன்னா நான் ஏன் கழட்டுறேன்? கெட்டதுன்னா ஒனக்கு எதுக்குக் குடுக்கணும்?"

இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாத மாதிரி பேசினால் ஊரில் நல்ல பெயர் கிடைக்குமா? அய்யனார் டீக்கடையில் வைத்து ஊருக்கே சொன்னான். கஞ்சத்தனம் என்று சிலர். கிறுக்கு என்று சிலர். கஞ்சத்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். எரிகிற பல்பைக் கழற்றிப் புதுப் பல்பு போடுவார். கேஸ் அடுப்பு டியூப் நாள் வருமுன் மாறிவிடும். கிணற்றுக் கயிறு ஒரு பிரி நைந்தால் போதும். கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிற மகள் ஊருக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்ளும். ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. வேன் வாங்குமுன் அவரும் இதே கம்பெனியில் பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்தியவர், வேனில் போய் வந்தவர் என்று மட்டும் தெரியும். அந்த நாளில் ஏதாவது நடந்ததா, தெரியாது. சொல்கிறவராக இருந்தால் சொல்லியிருப்பார்.

ஆயுத பூசைக்கு எல்லா வண்டியும் குளித்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலையோடு நிற்கும். சீசனில் கிடைக்கிற ஒரே லீவு அது. எங்கள் வண்டி மட்டும் செங்கல் மேல் நிற்கும். சக்கரம் நாலும் தரையில் கிடக்கும். மெக்கானிக்கை வீட்டுச் சாப்பாடு போட்டு வரவழைத்திருப்பார். பிரேக் டிரம்மைத் துடைத்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு, கழற்றிப் போட்ட ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். டிரம்முக்கு ஒன்று. லைனிங்குக்கு ஒன்று. ஸ்பேனருக்கு ஒன்று. பேச்சியம்மா மதினி பொரிகடலை வாங்க வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாமி கும்பிடுற அன்னைக்குக் கொடல உருவிப் போட்டுருக்கீகளே. சாமி எதுல வந்து ஒக்காரும்?"

"உள்ளதான ஒக்காரணும். உள்ள எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்றார் அக்கா.

எனக்குப் பசி. பூசை முடிய மாலையாகிவிட்டது.

நான் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் சொன்னேன். இதற்குச் செலவழிக்கிற காசைச் சேர்த்தால் தவணையில் புது வேனே எடுத்துவிடலாம். புது வண்டி என்றால் சில வருசத்துக்குத் தொடவே வேண்டாம். அப்புறம் விற்றுவிட்டு வேறு எடுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"புதுசு மட்டும் பழசாகாதாலே?"

"ஆகும்க்கா. ஆகட்டும். அப்ப பாத்துக்கிடலாம்ல."

"வாங்குற அன்னைக்குச் சொல்றது வெல இல்லலே. விக்கிற அன்னைக்குத்தான் வெல தெரியும். நடுவுல அது ஒன்னய எத்தன தரம் ரோட்ல நிப்பாட்டுச்சு, ஏத்துன ஆளு எத்தன தரம் வெயில்ல நின்னுச்சு, அம்புட்டும் சேத்துத்தான் வெல."

பேசிப் பயன் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஓட்டின காலத்தில் அந்த வண்டி தானாக ஒரு தரம்கூட நின்றது இல்லை. அய்யனார் அதையே எடுத்துக்கொண்டு டீக்கடையில் கேட்பான், நிற்காத வண்டிக்கு எதுக்குச் செலவு என்று. செலவு செய்கிறதால்தான் நிற்கவில்லை என்பார் அக்கா. செலவு செய்யாமலும் நிற்காது என்பான் அவன். டீ ஆறிவிடும். இதில் யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிக்க? நடக்காத ஒன்றை யாருக்கும் காட்ட முடியாது. அக்காவிடம் காட்டுவதற்கு இருந்தது வெட்டிப் போட்ட பெல்ட்டுகள்தான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. தீபாவளி நெருங்கின சீசன். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. லோடு ஏற்ற லாரி தினமும் வந்தது. ஆள் குறையக் கூடாது, நேரம் தவறக் கூடாது என்று போர்மேன் எல்லா வேன்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவர்தான் எந்த ஊருக்கு எந்த வேன் என்று முடிவு செய்கிறவர். எங்கள் ஊர் லைன் எங்களுக்கு. அது போனால் அந்த வண்டிக்கு வேறு வேலை இல்லை. எனக்கும் இல்லை.

பாதி வழி வந்திருப்போம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். எல்லாரும் தூங்குகிறார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டு."

"என்னக்கா?"

"பின்னால கரகரங்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய் வலது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்தார். என்னையும் தொடச் சொன்னார். தொட்டேன். சூடு இருந்தது. ஓடி வந்த வண்டி, சூடு இருக்கும். இடதையும் தொட்டேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. மெதுவாகப் போய்விடலாம், சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

பெண்கள் முழித்துக்கொண்டார்கள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சத்தம் போட்டார்கள். கேட் சாத்தினால் அன்றைய கூலி போச்சு. சீசன் கூலி. பிள்ளைக்குத் துணி, வட்டி, தீபாவளிச் சீட்டு எல்லாம் அதில்தான்.

பேச்சியம்மா மதினி இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "நல்லா ஓடுற வண்டிய நிப்பாட்டிட்டு நிக்கீகளே, நாங்க என்ன திருச்செந்தூருக்கா போறோம், இருந்து கும்பிட்டுட்டுப் போக?"

அக்கா சொன்னார், "சக்கரம் கழண்டா கும்பிடுறதுக்கு ஆளு இருக்காது."

"அபசகுனமாப் பேசாதீக."

அய்யனாரின் வேன் பின்னால் வந்தது, பாட்டோடு. ஏற்கெனவே நிறைய ஆள். கயிறு கட்டின கதவைத் திறந்து, இடித்துப் பிடித்து, பாதிப் பேரை ஏற்றிக்கொண்டான். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். மீதிப் பேர் சோளக்காட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் சாத்தூரிலிருந்து பைக்கில் வர நேரமாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது.

அவர் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்தார். துடைத்து, விரலில் மாட்டிச் சுற்றினார். காதுப் பக்கம் வைத்துச் சுற்றினார். என்னிடம் கொடுத்தார். நானும் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாருக்கு" என்றார்.

அக்கா அந்த பேரிங்கை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார், "வந்தது வந்துட்டீக. புதுசு போட்டுருங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சோளக்காட்டைப் பார்த்தேன்.

வரப்பில் உட்கார்ந்தவர்களைக் கேட்டில் விடவில்லை. திரும்பக் கூட்டிவந்தோம். கூலியை அக்கா கொடுப்பாரா என்று ஒருத்தி கேட்டுப் பார்த்தாள். கொடுக்கவில்லை. "வண்டிக்குத்தான் நான் பொறுப்பு" என்றார். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் போர்மேன் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், தெரியாமல் நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும் என்று. போர்மேன் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். அய்யனார் வண்டி அந்த மாசத்திலேயே இரண்டு மூன்று தரம் வழியில் நின்றிருந்தது. அதை நான் சொன்னேன்.

"வண்டின்னா நிக்கத்தான் செய்யும்" என்றார் போர்மேன். "அதுக்கு அவன் என்ன செய்வான்? ஒங்க வண்டி அப்படி இல்லையேக்கா. நிக்காத வண்டிய நீங்கள்ல நிப்பாட்டுறீக."

அதுதான் விசயம். தானாக நின்றால் அது வண்டியின் குற்றம், விதி. யாரும் கோபிக்க மாட்டார்கள். நிறுத்தினால் அது ஆளின் குற்றம்.

அக்கா இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொன்னார்.

"நான் நிப்பாட்டினா நான் சொன்ன எடத்துல நிக்கும். அதுவா நின்னா அது நெனச்ச எடத்துல நிக்கும். பாலத்து மேல நிக்கும். எறக்கத்துல நிக்காமப் போகும்."

"அன்னைக்கு ஒண்ணும் இல்லையாம்ல?"

"இல்ல. அன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "நாளைக்கும் சத்தம் கேட்டா நிப்பாட்டத்தான் செய்வேன்."

போர்மேன் கையைக் கூப்பினார். எங்கள் ஊர் லைன் அய்யனாருக்குப் போனது. அவன் பழைய வேன் ஒன்று கூடுதலாக வாங்கினான்.

அதற்கப்புறமும் அக்கா தினமும் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வார். போக இடம் இல்லை. வாசலில் நின்றுகொண்டே உறுமும். அடியில் தாள் விரிப்பார். காலையில் எடுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு இருக்காது. நான் எவ்வளவு நாள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க? அய்யனார் அந்தக் கூடுதல் வண்டிக்கு டிரைவர் வேண்டும் என்றான். போய்ச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"போ. எடுக்குமுன்ன பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டு எடு."

அவ்வளவுதான் சொன்னார்.

தை முடிந்து வண்டியை விற்றார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் வாங்க வந்தார். என்ஜினைப் போட்டுக் கேட்டார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, இது நிஜமாகவே ஆர்சி புக்கில் போட்டிருக்கிற பழைய வருசத்து மாடல்தானா என்று கேட்டார். ஆனால் விலை மாடலுக்குத்தான். அதற்கு மேல் தரவில்லை. பழைய வண்டிக்குள் புது சாமான் இருந்தால் யார் காசு கொடுப்பார்கள்? நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். இப்போது விலை தெரிந்ததா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் மனசுக்குள் கூட்டினார்.

"தெரிஞ்சுச்சு. செலவழிச்சதப் பங்கு வச்சா, ஏறுன ஆளு ஒவ்வொருத்திக்கும் ஒரு நாளைக்கு ஒரு வடக் காசு."

"வடையா வாங்கிக் குடுத்திருந்தா நாலு பேரு நல்லவுகன்னு சொல்லிருப்பாக" என்றேன்.

"அந்த வடக் காசுலதானலே தூங்கிட்டு வந்தாளுக" என்றார். அப்புறம் திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போனார். அங்கே வாசிங் மெசினைத் திறந்து போட்டிருப்பார். மகள் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது நான் அய்யனார் வேனை ஓட்டுகிறேன். அதே ஊர், அதே பெண்கள், அதே சோளக்காடு. பாட்டு உண்டு. பேச்சியம்மா மதினி கேட்கிற பாட்டையெல்லாம் போடுகிறேன். நின்றால் இறங்கித் தள்ளுவார்கள். யாரும் யாரையும் திட்டுவது இல்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். யாரும் தூங்குவது இல்லை. பாட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது என்று நினைத்தேன். நேற்றுக் காலை அவர்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஓவர் டைம் முடிந்து வீட்டுக்குப் போகவே இருட்டிவிடுகிறது, பாவம் தூங்கட்டும் என்று பாட்டை நிறுத்தினேன்.

வண்டியின் சத்தம் முழுசாகக் கேட்டது. கதவு. பிரேக். பின்னால் எதுவோ ஒன்று, கரகர என்று.

கண்ணாடியில் பார்த்தேன். தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரும் முழித்திருந்தார்கள். பேச்சியம்மா மதினி தலையைக் கொஞ்சம் சாய்த்து, கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"பாட்டப் போடுய்யா" என்றார். கொழுந்தனாரே என்று சொல்லவில்லை.

போட்டேன்.